ஒரு ட்ரையல் பாத்துடலாம்

கல்லூரியின் கடைசி வருடப் பயிற்சியில் சேரச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அக்கா அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தாள். உள்ளே இல்லை, வாசல் வரைக்கும். காலையில் டவுன் பஸ் பிடித்து, தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கி, லாரிகள் வரிசையாக நிற்கிற அந்த நீளமான சாலையில் நடந்து, கேட் முன்னால் போய் நின்றிருக்கிறாள். காவலுக்கு இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. அடுத்த வாரம் இங்க டிரெய்னிங் வர்றோம். வழி பாத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"அதான் அடுத்த வாரம் வரப் போறீங்களே. அப்பப் பாத்தா ஆவாதா?"

"அப்ப வேற வேலை இருக்குதுங்க. அப்போ போயி வழி தேடிக்கினு இருக்க முடியாது."

மறுநாள் வகுப்பில் இதை அவளே சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஷிப்டு விடற நேரத்துல அந்த ரோட்டுல நடக்க முடியாது, லாரி ரிவர்ஸ் எடுப்பான். லெப்ட்ல ஒட்டியே வாங்க" என்று எங்களுக்கு வழியும் சொன்னாள். சேரவேண்டிய நாளன்று எங்கள் கல்லூரியிலிருந்து போனவர்களில் வியர்க்காமல், மூச்சு வாங்காமல் கேட்டுக்குள் நுழைந்தவள் அவள் ஒருத்திதான். காவலர் அவளைப் பார்த்து, "வழி கரெக்டா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பெயர் உண்டு. வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர்கள் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவள் அக்காதான். எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவள். தளிப் பக்கம் பிறந்த ஊர். அம்மா வீட்டில் கன்னடம். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்ததும் கல்யாணம், பிறகு ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இரண்டு வயதானபோது, அவள் மறுபடியும் படிக்கவேண்டும் என்று அவள் கணவர் பிடிவாதம் பிடித்தார். அவர் ஓசூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். டிப்ளமோ படித்தவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா, அப்படி எங்கள் வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் காட்டன் புடவையில் வந்து வாசலில் நின்றபோது புது மேடம் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது.

"உக்காருங்க, உக்காருங்க," என்றாள். "நானும் உங்க கூடத்தான் உக்காரணும்."

நான் கோவில்பட்டியிலிருந்து வந்தவள். ஓசூரின் குளிரும் பேச்சும் பிடிபடாமல், டவுனில் இருந்த விடுதியில் அழுதுகொண்டிருந்த காலம் அது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் ஆரம்பம்.

"ஒரு ட்ரையல் பாத்துடலாம்." இதுதான் அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. தொழிற்சாலையில் புதிய பாகம் ஒன்றைச் செய்யத் தொடங்கும் முன் ஒன்றிரண்டு செய்து பார்ப்பார்களே, அதற்குச் சொல்கிற வார்த்தை. அக்கா அதை எல்லாவற்றுக்கும் சொல்வாள். செமினாரில் பேச வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலம் காலி வகுப்பறையில் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பாள். பரீட்சை ஹாலுக்கு முன்தினமே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். எங்கள் கல்லூரி ராயக்கோட்டை சாலையில் இருந்தது. ஒரு பரீட்சை நாளில் சானமாவு காட்டுக்குப் பக்கத்தில் யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று கல்லூரி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் பதறிக்கொண்டிருந்தோம். தாமதமாகக் கல்லூரி போய்ச் சேர்ந்தபோது அக்கா எங்களுக்கு முன்னாலேயே ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம்.

"யானைக்கும் சேத்துத்தான்டி கெளம்பினேன்," என்றாள்.

எல்லாம் பயத்தினால்தான் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"பயம்தான்," என்று உடனே ஒப்புக்கொண்டாள். "உங்களுக்கெல்லாம் தப்பாப் போனா இன்னொரு தடவ பாத்துக்கலாம். எனக்கு இன்னொரு தடவ யாரு குடுப்பாங்க? கொழந்தைய வுட்டுட்டு வந்துக்கினு இருக்கறேன். மொத தடவையே சரியா வரணும்."

குழந்தையை விட்டுவிட்டு வருவதற்கும் அவள் ட்ரையல் பார்த்திருந்தாள். எதிர்வீட்டு மும்தாஜம்மாதான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். கல்லூரி திறப்பதற்கு முன்பு ஒரு மாதம், தினமும் காலையில் பாப்பாவை மும்தாஜம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு அக்கா கிளம்புவாளாம். தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் ஒரு கல் கிடக்கும். அதில் போய் உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள் பாப்பாவின் அழுகை அந்த முனைவரைக்கும் கேட்டிருக்கிறது. தாங்க முடியாமல் ஓடி வந்துவிட்டாள். அடுத்தடுத்த நாட்களில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள்.

"அழாம இருந்தா அம்மா வந்துடுவேன்னு சொல்லிக் குடுத்தேன்," என்றாள் என்னிடம். "அவ அழுவறத நிறுத்தின ஒடனே போயி நிப்பேன். ரெண்டு வாரத்துல பழகிட்டா."

"நீங்க பழகிட்டீங்களாக்கா?"

"நான் அந்தக் கல்லு மேல உக்காந்து அழுதுக்கினு இருப்பேன். டீக்கடைக்காரரு எந்தக் கம்பெனில வேலைக்குப் போறீங்கன்னு கேட்டாரு."

இதைச் சொல்லும்போதும் சிரித்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் இருந்த இயந்திரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்கள். செய்முறை வகுப்பில் உறையை எடுத்து, ஆசிரியர் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். பிறகு உறையைப் போட்டுவிடுவார்கள். கடைசி வருடப் பயிற்சிக்காக அந்தக் கியர் தயாரிக்கும் கம்பெனிக்குள் போனபோதுதான் உறை போடாத இயந்திரங்களை அத்தனை பக்கத்தில் பார்த்தோம். எண்ணெய் வாசனையும் இரைச்சலும் இரண்டு நாள் தலைவலி கொடுத்தன. அக்கா மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். "இப்பத்தான் காலேஜ்ல சேந்த மாதிரி இருக்குது," என்றாள்.

முதல் வாரத்திலேயே அவள் கையிலிருந்து ஒரு கியர் நழுவி விழுந்தது. கழுவி வருகிற கியரில் எண்ணெய் படிந்திருக்கும், வழுக்கும். பல்லில் அடிபட்டதால் அது வீணாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. உற்பத்தி லைனில் வேலை பார்த்த கன்னடக்கார அம்மா மட்டும், நிதானமாகச் செய் என்று கன்னடத்தில் சொன்னார். ஆனால் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் ஒரு தேங்காய் பளபளவென்று உருண்டுகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய தேங்காய். கம்பெனியில் கொடுத்த கனமான சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அடுப்பு மேடையிலிருந்து தேங்காயை எடுத்துத் திரும்பி ஜன்னல் திட்டில் வைப்பாள். மறுபடி எடுப்பாள். கை வேலை செய்யும்போது அவள் வாய் கன்னடத்தில் எண்ணும். "ஒந்து, எரடு, மூரு..." பாப்பா பின்னாலேயே நின்று தானும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தேங்காய்க்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டற வூடு இந்த ஊர்லயே இது ஒண்ணுதாம்மா," என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அக்காவின் கணவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அடுத்த மாதத்தில் அந்த லைனில் ஆள் வராத நாட்களில் அக்காவை நிற்க வைத்தார்கள். பயிற்சிக்கு வந்த பெண்ணை அப்படி நிற்க வைப்பது வழக்கம் இல்லை. கன்னடக்கார அம்மா டீ இடைவேளையில் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பொம்பளை கை மாதிரி இல்ல, இஞ்சினீயர் கை மாதிரியும் இல்ல, என்னாடி கை இதுன்னு கேக்கறாங்க," என்றாள். அன்றைக்குப் பூராவும் அந்தப் பூரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

பயிற்சி முடிகிற சமயத்தில் கம்பெனி எங்களில் சிலரை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது. நேர்முகத் தேர்வு. எனக்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வராது. அக்கா விடவில்லை. ஞாயிறுதோறும் அவள் வீட்டில் தேர்வு நடந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல். நாற்காலியில் அக்கா. அண்ணன் வாசலில் நின்று, "நெக்ஸ்ட்" என்று குரல் கொடுப்பார். பாப்பா தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைப்பாள், ஒரு சொட்டுச் சிந்தாமல். நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் அக்காவின் முகம் மாறிவிடும். சிரிக்கவே மாட்டாள். ஏன் கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாய், இரவு ஷிப்டு போட்டால் என்ன செய்வாய், ஆண்கள் மட்டும் இருக்கிற லைனில் நிற்பாயா என்று விடாமல் கேட்பாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. வாய மூடிக்கினு இருக்காத. தெரியலன்னு சொல்றதையும் பழகணும்."

ஒரு ஞாயிறன்று நான் எல்லாக் கேள்விக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். சந்தோஷமாக அவள் முகத்தைப் பார்த்தேன். அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"சாரி. யூ ஆர் நாட் செலக்டட்."

"எதுக்குக்கா? என்ன தப்பா சொன்னேன்?"

"ஒரு தப்பும் இல்ல. இதுவும் நடக்கும்டி. எழுந்து தேங்க்யூ சொல்லிட்டு, நாற்காலிய உள்ள தள்ளிட்டு, கதவு வரைக்கும் நேரா நடந்து போ. வெளிய போயி அழுதுக்கோ."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாப்பா என் பக்கத்தில் வந்து, "அழாதீங்க சித்தி, அழாம இருந்தா நல்லது" என்றாள் பெரிய மனுஷி மாதிரி.

நிஜமான தேர்வில் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். நான் தரக் கட்டுப்பாட்டுக்கு, அக்கா உற்பத்திக்கு. செய்தி வந்த அன்று சாயங்காலம் அண்ணன் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே அக்கா, "நாளைலேருந்து பஸ் ட்ரையல்" என்றாள். கம்பெனி பஸ் அவள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், அதற்குள் பாப்பாவைக் குளிப்பாட்டி முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலையில் சேருவதற்கு முன் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. உயரம், எடை, கண், ரத்தம். பயிற்சியின் கடைசி வாரங்களில் அக்கா அடிக்கடி உட்கார இடம் தேடியதை நான் பார்த்திருந்தேன். கால்களில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். டிராலி இடித்திருக்கும் என்றாள். நின்று நின்று வருகிற சோர்வு என்று நானும் நினைத்தேன், எனக்கும் கால் வலித்தது. பரிசோதனை முடிந்த இரண்டாம் நாள், ரத்தம் எடுத்த லேபிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும் என்றார்கள்.

ரத்தப் புற்றுநோய். பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள்.

நான் வேலையில் சேர்ந்த அன்று அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கம்பெனியில், குணமாகி வரட்டும், இடம் பார்க்கலாம் என்று நல்லபடியாகத்தான் சொன்னார்கள். அவள் பெயர் போட்ட அடையாள அட்டை கொஞ்ச நாள் அலுவலக மேசையில் கிடந்தது. பிறகு காணவில்லை.

விடுமுறை நாட்களில் நான் மாநில எல்லையில் இருக்கிற அத்திபெலே தாண்டி பஸ் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். அண்ணன் கிடங்கில் லீவு சொல்லிவிட்டு அங்கேயே தாழ்வாரத்தில் படுத்திருப்பார். ஊசி போடுவதற்கு முன்னால் அக்கா நர்ஸிடம் எல்லாம் கேட்டுக்கொள்வாள். எவ்வளவு நேரம் வலிக்கும், எப்போது வாந்தி வரும், முடி எந்த வாரம் கொட்டும். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, முடி கொட்டுவதற்கு முன்னாலேயே மும்தாஜம்மாவிடம் சொல்லி ஒட்ட வெட்டிக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கத் தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பாப்பா முன்னால் நடமாடிக் காட்டினாள். மொட்டையைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதல்லவா. பாப்பா தானும் ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒரு சிகிச்சைக்கும் அடுத்த சிகிச்சைக்கும் நடுவில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி வந்திருந்தபோதுதான் அக்கா தன் கடைசி ட்ரையலைத் தொடங்கினாள். அது என்னவென்று முதலில் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை போனேன். வீட்டில் அக்கா இல்லை. அண்ணன் பாப்பாவைத் தரையில் உட்கார வைத்து, வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, ஜடை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் தொங்கியும் இருந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை.

"அக்கா எங்கண்ணா?"

அவர் வாய் திறக்காமல் கண்ணால் எதிர்வீட்டைக் காட்டினார். மும்தாஜம்மா வீட்டு மாடி. போனேன். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பாதித் திரைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு வாசலும் கூடமும் தெரியும். உடம்பு பாதியாகியிருந்தது. கையில் வெந்நீர்த் தம்ளர்.

"சட்டினி தீயுதுடி," என்றாள். "நீ போயி அணைச்சிட்டியா?"

"இல்லக்கா. இங்க என்ன செய்றீங்க?"

"நான் இல்லன்னா எப்படி நடக்குதுன்னு பாத்துக்கினு இருக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "என்னக்கா பேச்சு இது. நீங்க குணமாகி வந்துருவீங்க. இதுக்கெல்லாமா ட்ரையல்?"

"வந்துட்டா நல்லதுதானே. ஜடை பின்னக் கத்துக்கினாரேன்னு விட்டுடலாம்." ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினாள். "வரலன்னு வெச்சிக்கோ. அன்னிக்குப் போயி அவரு ஜடை பின்னக் கத்துக்கினு இருப்பாரா? கொழந்த ஸ்கூலுக்குப் போவாணாமா?"

கீழே பாப்பாவின் குரல் கேட்டது. வலிக்குதுப்பா என்றது. சீப்பு மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அழுகை கிளம்பியது. அக்கா எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"போவாத. அவரு பாத்துக்கட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. அண்ணன் ஏதோ சொல்ல, பாப்பா சிரிப்பதும் கேட்டது. அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். ஆறிப்போன வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

பாப்பா கெட்டிக்காரி. சில நாட்களிலேயே ஜன்னலில் அம்மா இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் கூப்பிடவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது ஜன்னலைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு நடப்பாள். சாயங்காலம் அம்மா வீட்டில் இருப்பாள். "நான் இன்னிக்கி அழவே இல்ல, பாத்தீங்களாம்மா?" என்று மடியில் ஏறிக்கொள்வாள். அக்கா அவளை முத்தமிட்டு, "பாத்தேன் கண்ணு, எல்லாம் பாத்தேன்" என்பாள்.

எதையும் பழகிவிடலாம் என்று இருந்தவளை ஒரே ஒரு நாள்தான் நான் வேறு மாதிரி பார்த்தேன். ஆஸ்பத்திரியில், ஒரு பகல் நேரம். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். வலி வரும்போது எண்ணுவாள் என்று எனக்குத் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் செஞ்சி பாத்துட்டேன்டி. இத மட்டும் எப்படிப் பழகறதுன்னு தெரியல."

தெரியவில்லை என்று சொல்லப் பழக்கியவளிடம், எனக்கும் தெரியலக்கா என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்துபோயும் உள்ளங்கை மட்டும் தடிப்பாகவே இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது போய்விட்டாள். இரண்டாவது சிகிச்சையோ மூன்றாவதோ பலிக்காமல், நுரையீரலில் கிருமி சேர்ந்து, நாலைந்து நாளில் எல்லாம் முடிந்தது. காலையில் நான் லைனில் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். "அவ்ளோதாம்மா," என்றார். ஆம்புலன்ஸ் எல்லையைத் தாண்டி ஓசூருக்கு வந்து சேர மதியமாகிவிட்டது. நெரிசலில் நின்று நின்று வந்ததாம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து கன்னடக்கார அம்மா, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

பாப்பா அங்கே இல்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனபோதே அவளைக் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். குழந்தை பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். அம்மா சாமிகிட்டப் போயிருக்காங்க என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். பாப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாளாம். அம்மா படத்துக்கு மாலை போட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

பாப்பா அழவில்லை. தானே எழுந்தாள், தானே பல் விளக்கினாள். ஜடை பின்னும்போது அண்ணனுக்கு வசதியாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். வந்தவர்களெல்லாம், விவரம் தெரியாத குழந்தை, பாவம் என்றார்கள். மும்தாஜம்மா மட்டும் என்னிடம், "எனக்கு என்னமோ சரியாப் படலம்மா" என்றார். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தம் வந்திருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளாம், ஒரு சத்தம் இல்லை. டீச்சர் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தார்.

அன்றைக்கு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்காலில் பெரிய கட்டு. வாசலுக்கு வந்ததும் பாப்பா நின்று, எதிர்வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் முதுகை நேராக்கிக்கொண்டு, நொண்டாமல் நடக்கப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்துவிட்டது என்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

அவர் குழந்தை முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவள் முழங்கால் கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"பாப்பா. அங்க அம்மா இல்ல கண்ணு."

"தெரியும். இன்னிக்கி ஜன்னல் மூடியிருக்குது. வேற எடத்துலேருந்து பாக்கறாங்க."

"எங்கயும் இல்லம்மா. அம்மா செத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

"நான் அழலியேப்பா. ஒரு நாள் கூட அழல. மும்தாஜம்மாவக் கேளுங்க."

"நீ அழல, எனக்குத் தெரியும். அழுதாலும் அழலன்னாலும் அம்மா வர மாட்டாங்க. அவங்களுக்கு வரணும்னுதான் ஆசை. அவங்களால முடியல."

பாப்பா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். நிஜம்தானா என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப நான் அழுவலாமாப்பா?"

"அழுவலாம் கண்ணு," என்றார் அண்ணன்.

அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் இன்னொரு முறை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உள்ளே போய்ச் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அழத் தொடங்கினாள்.